சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்பு போடுங்கள்

எங்கள் குடியிருப்பை நிர்வகிக்கும் அலுவலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் ஒப்பந்தக்காரர் மறுபடியும் வந்தார். முன்னறைச் சுவரின் அடிப்பகுதியில் சிமெண்டைப் பூசி, மேலே பளபளவென்று சாயமும் அடித்துவிட்டுப் போனார். நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் உங்களிடம் இருப்பதால் பழங்கதை வேண்டாம். கோரிக்கை ஒன்றுதான்: இரண்டாம் உலகப் போருக்கு முந்திய இந்தச் சிங்கப்பூர்ச் செங்கல் வீட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்து போடுங்கள்.

காலையில் எழுந்தால் சுவரோரம் செந்தூள் கொட்டிக் கிடக்கிறது. பெருக்கி அள்ளினால் மறுநாளும் அதே அளவு. சாயம் அப்பளம்போல உப்பி நிற்கிறது. தொட்டால் உதிர்ந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. அதற்குப் பின்னால் செங்கல்லின் முகமே கரைந்து உள்வாங்கியிருக்க, கல்லிடுக்கில் பூசிய சிமெண்டுக் கோடுகள் மட்டும் கெட்டியாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. அம்மா சாமிப் படங்களைக் கழற்றி அலமாரிமேல் வைத்துவிட்டார். முருகனுக்குப் பாதி முகம் பூஞ்சணம்.

காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, நுண்துளைகள் உள்ளது. ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட்டால் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கூடவே வரும் உப்பு உள்ளேயே படிகமாகி, செங்கல்லைப் பெயர்த்துத் தள்ளுகிறது.

இது புது ஞானமும் இல்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் 1858இல் அரசாங்கச் சூளை போட்டு இந்தியக் கைதிகள் செங்கல் அறுத்தார்கள். அந்தக் கல்லுக்கு 1867இல் ஆக்ராக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் என்று பக்குவம் பார்த்துக் குழைத்துப் பூசியவர்களும் கைதிகளே. அவர்களுக்குக் கைவந்தது உங்கள் டெண்டர் தாளில் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது.

மரபுடைமை விழா வந்தால் பழைய வீடுகள் துணிப்பையிலும் அஞ்சலட்டையிலும் அழகாக இருக்கின்றன. அண்மையில் ஒரு சுற்றுலா வழிகாட்டி எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று இந்தச் செங்கல்லின் அருமையைக் கூட்டத்துக்கு விளக்கினார். உள்ளே நான் துடைப்பமும் கையுமாக நின்றேன். அவர் புகழ்ந்ததில் பாதி என் முறத்தில் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூசிய சிமெண்டைக் கை உளியால் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரம் வைத்தால் மிச்சமிருக்கும் கல்லும் போய்விடும். அப்புறம் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. தயக்கமாக இருந்தால் சமையலறைப் பின்சுவரில் முதலில் செய்து பாருங்கள். அடுத்த வேலை உத்தரவில் இதை ஒரு வரியாகச் சேர்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். சிமெண்டு மூட்டையோடு மறுபடி ஆள் வந்தால் கதவைத் திறக்கமாட்டோம் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடகைதாரர்