செயலாளர் ஆண்டறிக்கை 2025: கோரம் சேராத கூட்டங்களும் ஒரு செனட்டரும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். விதிப்படி டப்ளினில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த அறிக்கையைப் பொதுக்குழுவில் வாசித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் ஐந்து பேர், அதில் ஒருவர் என் மனைவி. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள், சேரவில்லை. ஆகவே எழுத்தில் அனுப்புகிறேன், ஆட்சேபம் இருந்தால் எழுத்திலேயே சொல்லுங்கள்.

வழக்கமானவை முதலில். ஜனவரியில் பொங்கல் விழா, நல்ல கூட்டம். குழந்தைகள் கதை நேரம் இரண்டு முறை நடந்தது. ஜூலையில் ஹோத் மலைப்பாதை நடை, மழை. அவ்வளவுதான்.

இப்போது வாசிப்புத் திட்டம், அதாவது அயர்லாந்து மேலவை உறுப்பினராக (செனட்டர்) இருந்த டேவிட் நோரிஸின் சபைப் பேச்சுகளைக் கூடிப் படித்தது. “செயலாளர் தன் ஆசைக்கு ஒரு அயர்லாந்து செனட்டரைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்” என்று வெளியில் பேச்சு இருப்பது என் காதுக்கும் வந்தது. ஜனவரிக் கூட்டத்தில் ஒன்பது பேர் கை தூக்கி ஒப்புக்கொண்ட திட்டம் இது, நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. கை தூக்கிய ஒன்பது பேரில் ஆறு பேரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஏன் எடுத்தோம் என்பதை இன்னொரு தரம் சொல்கிறேன். சென்னைக் கோட்டையில் காலையில் யார் தும்மினாலும் மத்தியானத்துக்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே கில்டேர் தெருவில், நாம் பஸ்ஸில் கடந்து போகிற லென்ஸ்டர் ஹவுஸ் என்கிற அயர்லாந்து நாடாளுமன்றத்துக்குள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் விழிக்கிறோம். கவிஞர் யேட்ஸ் 1922 முதல் 1928 வரை செனட்டராக இருந்தவர் என்பதால் அவரிடம் தொடங்கலாம் என்று முதலில் யோசித்தோம். ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய ஆள். அப்புறம்தான் டேவிட் நோரிஸ் என்று முடிவானது. 1987-ல் நுழைந்து 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றவர், இடைவெளியில்லாமல் 36 வருடம். அவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து அங்கே உட்கார்ந்தவர் வேறு யாரும் இல்லை. அவர் பேசியது எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பேச்சாளர் பெயரைப் போட்டுத் தேடினால் போதும். புத்தகச் செலவு ஒரு காசு இல்லை என்பதைப் பொருளாளர் கவனிக்கவும்.

ஷனட் என்கிற இந்த மேலவையில் 60 பேர். 43 பேர் துறைவாரிப் பட்டியல்களில் இருந்தும், 6 பேர் பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் ஓட்டிலும் வருகிறார்கள், 11 பேர் பிரதமரின் நியமனம். நோரிஸ் டிரினிட்டி கல்லூரிப் பட்டதாரிகளின் ஆள். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இதைக் கேட்டதும், “அட, நம்ம ஊர் மேலவையிலும் பட்டதாரி தொகுதி இருந்ததே தம்பி, அப்பா வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார்” என்றார். நம்முடையது 1986-ல் போய்விட்டது. இவர்களுடையதை ஒழிக்கலாமா என்று 2013-ல் மக்களிடமே கேட்டார்கள், 51.7 சதவீதம் பேர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். இருந்தும் அதிகாரம் கொஞ்சம்தான். கீழவை நிறைவேற்றிய மசோதாவை 90 நாள் தாமதப்படுத்தலாம், நிதி மசோதா என்றால் 21 நாள். எனக்கு இந்தச் சபை பிடித்ததே இதனால்தான். அதிகாரம் இல்லாத இடத்தில் 36 வருடம் எழுந்து நின்று பேசுவது என்றால் என்ன என்று இந்த வருடம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

மார்ச் கூட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஓரினச் சேர்க்கையைக் குற்றம் என்று சொன்ன 1861, 1885 ஆண்டுகளின் ஆங்கிலேயர் காலச் சட்டங்களை எதிர்த்து நோரிஸ் வழக்குப் போட்டு, 1983-ல் உச்ச நீதிமன்றத்தில் 3-க்கு 2 என்று தோற்று, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போய் 1988-ல் 8-க்கு 6 என்று ஜெயித்த கதை. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் மேரி ராபின்சன், 1989 வரை அதே டிரினிட்டித் தொகுதியின் செனட்டர். அதாவது கட்சிக்காரரும் வக்கீலும் ஒரே தொகுதியில் இருந்து வந்து ஒரே சபையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்ப்பு வந்தும் அரசாங்கம் ஐந்து வருடம் இழுத்தது. 1993-ல்தான் சட்டம் மாறியது, அந்த மசோதா மேலவைக்கு வந்தபோது விவாதத்தில் நோரிஸும் இருந்தார். ஜூலை 7-ம் தேதி அதில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி யார் தெரியுமா? அதே மேரி ராபின்சன்!

இதையெல்லாம் 14 பக்கத்துக்குத் தமிழில் சுருக்கி, இருபது பிரதி எடுத்து, மூலையில் கிளிப் மாட்டிக்கொண்டு போனேன். அறையில் இருந்தது மூன்று பேர். அதிலும் ஒருவர் பட்டிமன்றம் என்று நினைத்து வந்தவர், பாவம், கடைசி வரை இருந்தார். இருபது பேருக்கு வாங்கிய முறுக்கை மூன்று பேர் தின்றோம். பதினேழு பிரதிகள் இன்றும் என் வீட்டு ஷூ அலமாரிக்கு மேலே இருக்கின்றன.

ஏப்ரலில் கொஞ்சம் தேவலை, ஏழு பேர். 2004 டிசம்பரில் நோரிஸ் தன் பெயரிலேயே குடிமை இணைவு மசோதா (ஓரின ஜோடிகளுக்கும் சட்ட அங்கீகாரம் தருவது) கொண்டுவந்ததும், அடுத்த பிப்ரவரியில் விவாதித்து ஓட்டுக்கு விடாமல் ஒத்திவைத்ததும், 2010-ல் அரசாங்கமே அப்படி ஒரு சட்டம் போட்டதும் படித்தோம். அன்றைக்கு நல்ல சண்டை நடந்தது, அதாவது நல்ல கூட்டம்.

மே, ஜூன் இரண்டும் வெளியுறவு. சபை கூடியதும் அன்றைய அலுவல் நேரத்தில் உறுப்பினர்கள் எதை வேண்டுமானாலும் கிளப்பலாம் போலிருக்கிறது. நோரிஸ் தான் குடியிருந்த வடக்கு டப்ளின் தெருவின் பழைய வீடுகளுக்காகவும் போராடுவார், கிழக்குத் திமோருக்காகவும் திபெத்துக்காகவும் குரல் கொடுப்பார். இந்தோனேசியா 1975-ல் பிடித்த கிழக்குத் திமோர் 1999 வாக்கெடுப்பில் 78 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு ஓட்டுப் போட்டது. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் அதைப் பேசியவர்கள் எத்தனை பேர்? 2003-க்குப் பிறகு அயர்லாந்தின் ஷானன் விமான நிலையம் வழியாகப் போன அமெரிக்க ராணுவப் போக்குவரத்தையும், ஆள் கடத்தும் சிஐஏ விமானங்களையும் விடாமல் கேள்வி கேட்டார். அமைச்சர்களிடம் இருந்து ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தாலும் கேட்டார். சந்தா நினைவூட்டல் அனுப்பும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

செப்டம்பரில் ஒரு உறுப்பினர், “இந்த ஆளை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்களே, 2011 ஜனாதிபதித் தேர்தல் என்ன ஆச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இஸ்ரேல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட முன்னாள் துணைவருக்குக் கருணை கேட்டு நாடாளுமன்றத் தலைப்புத் தாளில் கடிதம் எழுதியது வெளியே வந்து, போட்டியில் இருந்து விலகி, மறுபடி நுழைந்து, ஐந்தாவதாக வந்தார். 2013-ல் மேலவை ஒழிப்பு விவாதத்திலும் ஒரு பெண் உறுப்பினரைப் பற்றி வாய் தவறியது என்று சொல்லித் தப்ப முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னார். இரண்டையும் நான் மறைக்கவில்லை, ஐந்தாம் சுருக்கத்தில் இருக்கிறது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அக்டோபரில் லென்ஸ்டர் ஹவுஸ் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் பதினோரு கட்டைவிரல், வாசலில் நான்கு பேர். அதிலும் ஒருவர் அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் தெருவோடு சரி. உள்ளே மேலவைக் கூடம் ஒரு காலத்தில் பிரபு வீட்டு நடனசாலை. கூரையில் சுண்ணாம்புப் பூவேலை, கீழே குதிரை லாட வடிவில் இருக்கைகள். 60 பேர் சபைக்குக் கோரம் 12 பேர்தான், ஆள் குறைந்தால் மணி அடித்துக் கூப்பிடுவார்கள். நம் விதியில் 26 உறுப்பினருக்குக் கோரம் 10. இந்த வருடம் அது சேர்ந்தது இரண்டு முறை, இரண்டிலும் சாப்பாடு இருந்தது. அவர்கள் கணக்குப்படி ஐந்தில் ஒன்று என்று வைத்தால் நமக்கு 6 போதும். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றவும் 10 பேர் வர வேண்டும் என்பதுதான் சிக்கல்.

கணக்கு: சந்தா 25 யூரோ. கட்டியவர்கள் 11 பேர். பிரதி, டீ, பொங்கல் பாத்திர வாடகை போக ஏறக்குறைய போன வருட அளவுக்கே கையிருப்பு இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். பாக்கி வைத்தவர்கள் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நிர்வாகக் குழு சொன்னதால் எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும்.

அறை கொடுத்தவர்களுக்கும், முறுக்கு சுட்ட அக்காவுக்கும், தணிக்கையாளருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்த அந்த மூவருக்கும் நன்றி.

அடுத்த வருடம் யாரைப் படிப்பது என்று புதிய செயலாளர் முடிவு செய்யட்டும். நான் விலகுகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் வேறு யாராவது பெயர் கொடுத்தால் குறுக்கே நிற்க மாட்டேன், டிசம்பர் 20 வரை இரண்டு முறை கேட்டுவிட்டேன், பதில் இல்லை. ஜனவரி அறைக்கு என் அட்டையில் முன்பதிவு செய்திருக்கிறேன், இரண்டாம் சனிக்கிழமை, மூன்று மணி. மார்ச் பிரதிகள் பதினேழும் எடுத்து வருகிறேன்.

செயலாளர்