ஸ்லோ குக்கர் நல்லதுதான், முதலில் வதக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், கரண்டில் மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிற ஸ்லோ குக்கர் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். படமெல்லாம் அழகு. ஆனால் அதில் வந்தது சூப், ஸ்டூ, பாஸ்தா சாஸ் மட்டும்தான். போதாததற்கு, எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டி மூடிவிட்டு வேலைக்குப் போங்கள், வந்ததும் சாப்பிடலாம் என்று ஒரு யோசனை வேறு. அந்த யோசனையை நம்பி நம்ம வீட்டுக் குழம்பை வைத்தால் வெங்காயம் தண்ணீரில் மிதக்கும், மிளகாய்த்தூள் பச்சை வாசனை அடிக்கும், வாரம் திரும்புவதற்குள் அந்தச் சாமான் பரணில் ஏறிவிடும். தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே அப்படிப் பரணேறிய ஸ்லோ குக்கர் உண்டு, அட்டைப்பெட்டிகூடப் புதுசு மாறாமல்.

குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. இந்தச் சாமான் எங்கள் பக்கத்துச் சமையலுக்கு ரொம்பப் பொருத்தமானது, அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்றுதான் எழுதுகிறேன். வடசென்னையில் மெதுவாக வேகவைப்பது என்ன புதுசா? ராத்திரி கும்முட்டி அடுப்பில் மிச்சமிருக்கும் தணலில் எலும்புச் சட்டியை ஏற்றிவிட்டுத் தூங்கப்போன பாட்டிகள் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ரம்ஜான் மாதத்தில் மதியமே பள்ளிவாசல்களில் தேக்சா என்கிற பெரிய அண்டா அடுப்பில் ஏறி, நோன்புக் கஞ்சி சாயங்காலம் வரை குழைந்துகொண்டே கிடக்கும். கரி அடுப்பு போய் காஸ் வந்தது, அந்தச் சமையல் பாதி போச்சு. ராத்திரி முழுக்க காஸை எரியவிட்டுத் தூங்க யாருக்குத் தைரியம் வரும், சிலிண்டர் விற்கிற விலையில்?

சொல்லப்போனால் அந்த மிஷினே சூப்புக்காக வந்தது இல்லை. சிகாகோவில் இருந்த இர்விங் நாக்சன் என்பவர் 1940-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பதால், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸும் கறியும் போட்ட சட்டியை பேக்கரி அடுப்புச் சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம். அந்தக் கதையை அம்மா சொல்லிக் கேட்டுத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். 1971-ல் கிராக்-பாட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆக, பயறும் கறியும் ராத்திரி முழுக்க வேகத்தான் அது பிறந்ததே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றிக் கம்பிச் சூடு, மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான் மிஷின். பிரஷர் குக்கர் 120 டிகிரி வரை போகும். இது 100-ஐ நெருங்கும், தாண்டாது. லோவில் வைத்தாலும் ஹையில் வைத்தாலும் கடைசியில் போய்ச் சேருவது கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குத்தான், எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதில்தான் வித்தியாசம். இதனால் எலும்பு, நரம்பு, கால், நல்லி எல்லாம் அருமையாக வேகும், ஆனால் எதுவும் சிவக்காது. ஈரத்தில் கிடக்கிற எதுவும் அந்தச் சூட்டில் சிவக்காது. நம்ம குழம்பின் ருசியில் பாதி, வெங்காயம் எண்ணெயில் பொன்னிறமாவதிலும் மசாலா எண்ணெய் பிரிவதிலும் இருக்கிறது. அதை மிஷின் செய்யாது, நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். காஸில் கடாயை வைத்து 15 நிமிடம் நின்று வதக்குங்கள், மிச்சத்தை மிஷினிடம் விட்டுவிடுங்கள். உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இந்த 15 நிமிடம்தான்.

ஆட்டுக்கால் பாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். புளியந்தோப்பில் ஆடு அறுக்கிற ஆடுதொட்டிப் பக்கம் காலையில் போனால் கால் செட் செட்டாகக் கிடைக்கும், கடைக்காரரே நெருப்பில் வாட்டிச் சுரண்டித் துண்டு போட்டுத் தருவார். வீட்டில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு கொதி விட்டு அந்த நுரைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கவிச்சி போகவே போகாது. அப்புறம் எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுது, மல்லித்தூள், மிளகு என்று வழக்கமாகச் செய்கிற மாதிரியே வதக்குங்கள், ஆனால் பட்டை கிராம்பை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் அது கஷாய வாடைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் பானைக்கு மாற்றி, கால் துண்டுகள் மூழ்கியும் மூழ்காத அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி லோவில் போட்டுவிட்டால் ஒன்பது மணிக்குப் படுக்கலாம். காலையில் ஆறு மணிக்குக் கரண்டியை விட்டால் எலும்பு தானாக மூட்டு கழன்று வரும். தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றி ஹையில் அரை மணி நேரம், அதற்குள் இடியாப்பம் பிழிந்துவிடலாம். தொட்டுச் சாப்பிட்டால் விரலில் பசைபோல ஒட்டும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் குழம்பு கட்டியாக உறைந்து நிற்கும். அந்தப் பசைதான் ஜெலட்டின், காலிலும் நரம்பிலும் இருக்கிற கொலாஜன் சூட்டிலேயே பல மணி நேரம் கிடந்தால் அப்படிக் கரையும்.

குக்கரில் வைத்தால் வேகாதா என்று கேட்பீர்கள். வேகும், அவசரத்துக்கு நானும் விசில்தான் விடுகிறேன். ஆனால் குக்கரில் ஒரு விசில் கூடினால் கறி நார் நாராகிவிடும், குழம்பும் கலங்கிவிடும். இதில் அரை மணி நேரம் தூங்கிப்போனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஷிப்டுக்குப் போகிற வீடுகளில், மணலி, எண்ணூர், துறைமுகம் என்று ஒருவர் ராத்திரி போய் ஒருவர் விடியற்காலை திரும்பி வருகிற வீடுகளில், இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு மணி நேர அடுப்புச் சூடு குறைந்தால் அது என்ன சுகம் என்று.

அடுத்தது தண்ணீர். நீங்கள் கொடுத்த அளவெல்லாம் அடுப்புச் சமையலின் அளவு. இதில் ஆவி வெளியே போகாது, மூடியில் பட்டுத் திரும்பப் பானைக்குள்ளேயே விழும். அதனால் வழக்கமான தண்ணீரில் பாதி போதும். நடு நடுவே மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கத்தையும் விட வேண்டும், ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப வர இருபது முப்பது நிமிடம் ஆகும். (எங்கள் வீட்டில் மாமியாருக்கு இதைப் புரியவைக்கவே முடியவில்லை, கண்ணாடி மூடியாக இருந்தது பிழைத்தது.)

தால்சா குழம்பு வைக்கிறவர்கள் கவனிக்க: எலும்பும் கடலைப்பருப்பும் முதலிலேயே போகலாம், புளி மட்டும் பருப்பு குழைந்த பிறகுதான். புளிப்பு முதலில் சேர்ந்தால் பருப்பு வேகவே வேகாது, ராத்திரி முழுக்க வைத்தாலும் விறைப்பாக நிற்கும். தயிரும் தேங்காய்ப்பாலும்கூடக் கடைசியில்தான், இல்லையென்றால் திரிந்துவிடும். மீன் வேண்டவே வேண்டாம், காசிமேட்டில் வாங்கின மீனை மணிக்கணக்கில் வேகவைப்பது பாவம்.

ராஜ்மா விஷயத்தை மட்டும் நீங்கள் திருத்தியே ஆக வேண்டும். ஊறவைத்து நேராகப் போடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஆபத்து. பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது, தளதளவென்று கொதித்தால்தான் அது போகும். லோவில் மெல்லச் சூடானால் போகாது, கூடவும் செய்யும், சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி பேதிதான். ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் காஸில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு அப்புறம் மிஷினில் போடச் சொல்லுங்கள். அதேபோல ஃப்ரீசரில் இருந்து கல்லாக எடுத்த கறியையும் நேராகப் போடக் கூடாது, சூடேறுவதற்குள்ளேயே கெட்டுவிடும்.

கரண்ட் செலவு பற்றி எல்லோரும் கேட்பார்கள். 200 வாட் மிஷின் என்றால் 5 மணி நேரத்துக்கு 1 யூனிட். வாரத்தில் இரண்டு ராத்திரி வைத்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 30 யூனிட் ஏறும். இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன், அது ஃப்ரிட்ஜுக்கும் ஃபேனுக்குமே தீர்ந்துபோகும். வீட்டுக்காரர் யூனிட்டுக்குத் தனி ரேட் போடுகிற வாடகை வீட்டில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுவிட்டே வாங்கட்டும். இன்னொன்று, கோடையில் ராத்திரி கரண்ட் போகிற தெருவாக இருந்தால் பட்டன் வைத்த டிஜிட்டல் மிஷின் வேண்டாம், அதில் பல கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. திருகு வைத்தது ஓடும். எப்போது போனது, எவ்வளவு நேரம் போனது என்றே தெரியாவிட்டால், பாதி வெந்த கறியை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இனி சமையல் குறிப்பு போடும்போது எத்தனை லிட்டர் பானை, லோவா ஹையா, எத்தனை மணி நேரம், எவ்வளவு தண்ணீர் என்பதையாவது போடுங்கள். 1.5 லிட்டருக்கும் 5 லிட்டருக்கும் ஒரே நேரம் ஆகாது. அப்படியே பாயாவும் தால்சாவும் வைக்கிற ராயபுரம், புளியந்தோப்பு வீடுகளில் யாரையாவது கேட்டு ஒரு பக்கம் எழுதவையுங்கள். ராஜ்மா திருத்தத்தை அதுவரை தள்ளிப்போடாமல் வருகிற ஞாயிறே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை