வண்டி ஆட வேண்டும், சாமான் ஆடக் கூடாது

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மருமகளும் பாப்பாவும் மைசூருக்குப் பழகிவிட்டார்களா? கடைக்கு முகூர்த்த மாத புக்கிங் வர ஆரம்பித்திருக்கிறது என்று நீ சொன்னதில் மனம் நிறைந்தது.

போன செவ்வாய்க்கிழமை நீ வந்து நாற்காலிகளையும் அண்டாக்களையும் பந்தல் கம்பங்களையும் ஏற்றிக்கொண்டு போனாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலிகளை அடுக்கி, அதன்மேல் கம்பங்களைப் போட்டு, தார்ப்பாயை மூடி, ஒரே ஒரு கயிற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டினாய். அந்தப் புதுப் பையன் தார்ப்பாய்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். வேலைப் பையன்கள் முன்னால் முதலாளியைக் கண்டிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். நீ மைசூர் போய்ச் சேர்ந்தேன் என்று போன் செய்யும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் அந்தப் பையன் விஷயம். லோடு மேல் ஆளை ஏற்றாதே. கேபினில் இடமில்லை என்றால் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பு. சரக்கு ஏற்றும் இடத்தில் ஆளை ஏற்றுவது சட்டப்படியும் குற்றம், ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. நீ பிரேக் போட்டால் கயிறு கட்டிய சாமானே முன்னால் ஓடப் பார்க்கும். அவனைப் பிடித்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? அவன் அம்மாவும் எங்கோ ஓர் ஊரில் மகன் போனுக்காக உட்கார்ந்திருப்பாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, 2007-ல் கே.ஆர்.புரம் பக்கம் ஒரு கல்யாணம். ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பக்கத்தில்தானே போகிறோம் என்று உங்கப்பா மேல்வரிசை நாற்காலிகளைத் தனியாகக் கட்டவில்லை. தொங்குபாலத்தில் ஏறி இறங்கும்போது மூன்று நாற்காலிகள் பறந்தன. எங்களுக்குச் சத்தமே கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்ததால்தான் நிறுத்தினோம். பின்னால் டூவீலரில் வந்த ஒரு வெல்டிங் வேலைக்காரர் நாற்காலியைத் தவிர்க்கத் திருப்பி விழுந்துகிடந்தார். மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முறிந்தன. ஆஸ்பத்திரியில் விடியும்வரை அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று மாதம் அவரால் வெல்டிங் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அவர் வீட்டுக்கு அரிசியும் வாடகையும் நாங்கள்தான் கொடுத்தோம். கொடுத்துவிட்டோம் என்பதால் அந்த ராத்திரி என்னைவிட்டுப் போய்விடவில்லை.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரண்டரை கிலோகூட இருக்காது. அதனால்தான் அது ஆபத்து. கனமான சாமானை எல்லோரும் பயந்து கட்டுவார்கள், லேசானதைச் சும்மா வைப்பார்கள். காற்றுக்குக் கணக்கு வேறு. 40-ல் போகும்போது இருக்கிற காற்றின் தள்ளல் 80-ல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அல்சூரிலிருந்து சிவாஜிநகருக்கு ஊர்ந்து போகும்போது அசையாத நாற்காலி, மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் எழும்பிவிடும். ஒன்றுக்குள் ஒன்று செருகியிருப்பதால் மேல் நாற்காலியைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, தொப்பி கழல்வது மாதிரி கழன்று போகும். ஆகவே கயிற்றை அடுக்கின்மேல் போடுவது போதாது. ஒவ்வொரு அடுக்கிலும் மேல் நாற்காலியின் கைப்பிடிக்குள் கயிற்றை நுழைத்து அடிவரை கொண்டுவந்து கட்டு. அதன்மேல் வலை போட்டு நாலு பக்கமும் கொக்கியில் மாட்டு. தார்ப்பாய் மழைக்கும் தூசிக்கும்தான். அது சாமானைப் பிடிக்காது. ஓரம் சரியாகக் கட்டாத தார்ப்பாய்க்குள் காற்று புகுந்தால் அதுவே பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு எல்லாவற்றையும் மேலே இழுக்கும்.

கம்பங்களை மேலே போட்டாயே, அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. கனமானது எப்போதும் கீழே, முன்பக்கம், கேபினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பை ஒட்டி. இடைவெளி விட்டு வைத்தால், பிரேக் போடும்போது அந்த இடைவெளியில் ஓடி வேகம் பிடித்துத்தான் மோதும். இரும்புக் கம்பம் முன்னால் பாய்ந்தால் கேபின் கண்ணாடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நீ. கம்பங்களை முதலில் ஒரே கட்டாகக் கட்டு. இரண்டு முனையிலும் கயிறு கட்டை முழுவதும் இரண்டு சுற்று சுற்றி இறுக வேண்டும். சும்மா மேலே போட்ட கயிறு ஓரத்துக் கம்பங்களைப் பிடிக்கும், நடுவில் இருப்பது உருவிக்கொண்டு போகும். அப்புறம் அந்தக் கட்டை வண்டியோடு கட்டு.

உன் வண்டியின் பாடி ஒன்பது அடி. பதினைந்தடிக் கம்பம் அதில் அடங்காது. பின்னால் நீட்டிவிட்டுச் சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று சந்தையில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். முன்பு ஒரு மீட்டர் வரை நீட்ட விதியில் இடம் இருந்தது, 2014-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படி நீட்டிக்கொண்டு போவதற்கு 20,000 ரூபாய் அபராதம் எழுதியிருக்கிறது. ராத்திரியில் அந்தத் துணி யார் கண்ணுக்குத் தெரியும்? ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நம் பதினைந்தடிக் கம்பங்களை ஏழரை அடியாக அறுத்து, உள்ளே ஒரு குழாய் செருகிப் பூட்டுகிற மாதிரி பட்டறையில் கொடுத்துச் செய்துவிடலாம். செலவு என்னுடையது. அதுவரைக்கும் பெரிய கம்பம் வேண்டிய ஆர்டர் வந்தால் 14 அடி வண்டியை வாடகைக்கு எடு, அதிலும் கம்பத்தைச் சாய்த்து உள்ளுக்குள் அடக்கிப் போடு.

அண்டாக்களைக் கவிழ்த்து வை, ஒன்றுக்குள் ஒன்று போட்டு, அடியில் கோணிச் சாக்கோ பழைய ரப்பர் பாயோ விரித்து. இரும்புத் தரையில் பித்தளையும் அலுமினியமும் வழுக்கும், மழையில் இன்னும் மோசம். 19 கிலோ கேஸ் சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், வால்வுக்கு மூடி போட்டு, தடுப்போடு சேர்த்துத் தனியாக. படுக்கப் போடவே கூடாது. கரண்டி, மூடி மாதிரி சில்லறைச் சாமான்களைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டிவிடு.

இனி கயிறு. நீ வைத்திருக்கும் அந்த நீலப் பிளாஸ்டிக் கயிற்றைக் கையில் எடுத்து முறுக்கிப் பார். தூள் உதிர்ந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், வீட்டில் துணி காயப்போடத்தான் ஆகும். நைலான் கயிறு பலமானதுதான், ஆனால் நனைந்தால் நீளும். வெயிலில் இறுக்கிக் கட்டியது ராமநகரத்தில் மழை பிடித்தால் தளர்ந்துவிடும். எந்தக் கயிறானாலும் முடிச்சு விழுந்த இடத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரப்பர் கயிறு, அந்தக் கொக்கி வைத்த எலாஸ்டிக், வேண்டவே வேண்டாம். அது இழுத்தால் நீள்வதற்கென்றே செய்தது.

உங்கப்பா கட்டும் முடிச்சைச் சொல்லித் தருகிறேன். கயிற்றின் ஒரு முனையை ஒரு பக்கக் கொக்கியில் கட்டிவிட்டுச் சாமான்மேல் போட்டு இந்தப் பக்கம் வா. நெஞ்சு உயரத்தில் கயிற்றிலேயே ஒரு கண்ணி போட்டுக்கொள். மிச்சக் கயிற்றைக் கீழ்க் கொக்கியில் சுற்றி, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்து, கீழே இழு. கப்பி போட்ட மாதிரி உன் பலம் பெருகும். இழுத்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு அரை முடிச்சு. கொக்கி என்றால் பாடியில் வெல்டு வைத்த கொக்கி. கதவிலோ கதவுச் சங்கிலியிலோ கட்டாதே, கதவு திறந்தால் எல்லாம் போச்சு.

இருந்தாலும் இப்போது ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை அசைத்து இறுக்குகிற பட்டை, கிடைக்கும்போது கயிற்றை மட்டும் நம்ப வேண்டாம். நேற்று எஸ்.பி. ரோடு பக்கம் போய் நான்கு பெல்ட் வாங்கிவந்தேன். மாடிவீட்டில் குடியிருக்கும் எஞ்சினியர் தம்பியைக் கூப்பிட்டு அதில் தைத்திருக்கும் நீல லேபிளைப் படிக்கச் சொன்னேன். எல்.சி. என்று போட்டு எதிரில் இருக்கும் எண்தான் முக்கியமாம், ஏறக்குறைய அத்தனை கிலோ இழுப்பைத் தாங்கும் என்று அர்த்தமாம். ஐரோப்பாவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம்: 100 கிலோ சாமான் என்றால் முன்பக்கம் 80 கிலோ இழுப்பையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 கிலோ இழுப்பையும் கட்டு தாங்க வேண்டும். பிரேக் போடும்போது சாமான் எவ்வளவு முரட்டுத்தனமாக முன்னால் இழுக்கிறது பார். இன்னொன்றும் சொன்னார். மேலே போட்டு அழுத்தும் பெல்ட் செங்குத்தாக இறங்க வேண்டும். தரையிலிருந்து 30 டிகிரிதான் எழும்பி, சாய்ந்து படுத்திருந்தால் இறுக்கிய இறுக்கத்தில் பாதிதான் கீழே அழுத்தும். தாழ்வான சாமானைப் பெல்ட் போட்டு அழுத்துவதை நம்பாமல், அதன் பிடியிலேயே மாட்டி நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டு. கூர்மையான விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு வை. பெல்ட்டை அரைச் சுற்று முறுக்கிப் போட்டால் காற்றில் படபடக்காது.

கட்டி முடித்ததும் உங்கப்பா ஒன்று செய்வார். சாமானை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார். சாமான் தனியாக ஆடினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். வண்டியே சேர்ந்து ஆடினால்தான் ஸ்டியரிங்கைத் தொடுவார். 2007-க்குப் பிறகு ஒரு நாள்கூட இதைச் செய்யாமல் அவர் கிளம்பியதில்லை, கடைசி வருஷம் மூச்சு வாங்கியபோதும்கூட.

அத்தோடு முடியாது. ஓட ஓடச் சாமான் அமர்ந்து கயிறு தளரும். கெங்கேரியில் ஒரு முறை இறங்கிப் பார், எக்ஸ்பிரஸ்வே ஏறிவிட்டால் நடுவில் நிறுத்த வழியில்லை. அங்கே டூவீலர் வராது என்று தைரியமாக இருக்காதே, பின்னால் வருகிற கார்கள் பறக்கின்றன. மத்தூரில் வடை சாப்பிட எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்குவாய்தானே, அப்போது இன்னொரு முறை இழுத்துப் பார். 80-ஐத் தாண்டாதே. கல்யாண வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் என்னிடம் பேசச் சொல்.

பெல்ட்டுகள், வலை, டியூப் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிவைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் புதன்கிழமை மைசூர் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பாப்பாவுக்கு முறுக்கும் அதிலேயே இருக்கிறது, உடையாமல் எடு. அடுத்த லோடு கட்டியதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா