ஹிட்லருக்கு முன்பே தொடங்கிய கொடுமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குறைபாடுகள் பரம்பரையாக வருபவை, அவை உள்ளவர்கள் பிள்ளை பெறாமல் தடுத்தால் மனித இனம் மேம்படும் என்று சொன்ன இனமேம்பாட்டுக் கொள்கை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பழி முழுவதையும் ஹிட்லர் தலையில் போட்டு முடித்துவிட்டது. ஜெர்மனியில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்தது 1933இல். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இலேயே அப்படியொரு சட்டத்தை இயற்றிவிட்டது. மருத்துவர்களும் பேராசிரியர்களும் ஏழைகளுக்காக உழைத்த சீர்திருத்தவாதிகளும் இந்தக் கொள்கையை மனதார ஆதரித்தார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள் நான். கேரி பக் வழக்கைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த அந்த ஏழைப் பெண், தன்னை வளர்த்த குடும்பத்தின் உறவினனால் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றாள். அவளுக்கே 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தி, தாய் இருந்த காப்பகத்திலேயே அடைத்தார்கள். அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமா என்று நடந்த விசாரணையில், அவளுடைய குழந்தை விவியனின் தோற்றத்தில் ஏதோ சரியில்லை, அது என்னவென்று தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று ஒரு சமூக சேவகி சாட்சி சொன்னார். குழந்தைக்கு அப்போது ஏழு மாதம்! முகத்தைப் பார்த்து அறிவை அளக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கூனிக் குறுகிய தாய்மார்களையும் பார்த்திருக்கிறேன்.

கேரிக்காக வாதாடிய வழக்கறிஞர் அதே காப்பகத்தின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர். அவர் தன் தரப்பில் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. "மூன்று தலைமுறை மந்தபுத்திக்காரர்கள் போதும்" என்று தீர்ப்பெழுதிய ஹோம்ஸ், முற்போக்காளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய நீதிபதி. கேரியின் தங்கை டோரிசுக்கோ, குடல்வால் அறுவை என்று பொய் சொல்லியே கருத்தடை செய்தார்கள். பிள்ளை இல்லையே என்று ஏங்கிய அவருக்கு முதுமையில்தான் உண்மை தெரிந்தது. விவியன் பள்ளியில் நன்றாகப் படித்து, பாராட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். மனவளர்ச்சி குன்றியோரைக் காப்பகங்களில் அடைத்துவைக்க வழிசெய்த 1913ஆம் ஆண்டுச் சட்டத்தை, மசோதாவாக இருந்தபோதே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜோசையா வெட்ஜ்வுட் விடாப்பிடியாக எதிர்த்தார். அமெரிக்காவில் 60,000க்கும் மேற்பட்டோருக்கு இப்படிக் கருத்தடை செய்யப்பட்டது. கேரியின் வழக்கில் வந்த தீர்ப்பை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை. இவற்றையும் சேர்த்து இன்னொரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர்