கடைசி வரிசையில் இருந்த ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள வாசகர் வட்ட நண்பர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்துவைத்த, எங்கோ இருக்கும் ஒரு பிரெஞ்சு மலைக்கிராமத்தைப் பற்றிய பேச்சுக்கு அரங்கு நிறையும் என்று நான் நினைக்கவில்லை. விடுமுறை நாளில் கதவைத் திறந்துவிட்ட நூலகருக்கும், 'லு ஷாம்போன்' என்ற அந்த ஊரின் பெயர் வாயில் நுழையும்வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த புதுச்சேரி நண்பருக்கும், சுக்குக் காபி போட்ட அக்காவுக்கும் நன்றி.

அப்புறம், கடைசி வரிசையிலிருந்து எழுந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. "மாட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தும் ஏன் யூதர்களுக்கு இடம் கொடுத்தார்கள்?" என்று கேட்டீர்கள். அந்த ஊர்க்காரர்கள் 1685க்குப் பிறகு மன்னராட்சியில் வேட்டையாடப்பட்ட புராட்டஸ்டண்டுகளின் வாரிசுகள் என்றும், பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மேயின் பிரசங்கம் என்றும் சொல்லிச் சமாளித்தேன். பொய்யில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவர் மனைவி மாக்தாவின் அடுப்படிதான் நினைவில் நின்றது.

1940-41 குளிர்காலம். ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண் ஒருத்தி, பனியில் நனைந்தபடி கதவைத் தட்டுகிறாள். மாக்தா உள்ளே வரச்சொல்லி, ஈரக் காலணியை அடுப்போரம் காயவைக்கிறார். அவளுக்கு அடையாளத் தாள் வாங்க மேயரிடம் ஓடுகிறார். மேயர் மறுத்துவிடுகிறார். திரும்பி வந்தால் காலணி கருகிக் கிடக்கிறது! போர்க்காலத் தட்டுப்பாட்டில் இன்னொரு ஜோடிக்கு எங்கே போவது? மாக்தா முதன்முதலாகச் செய்த உதவியே இப்படித் தடுமாறித்தான் நடந்தது.

சாமுவேல் ஒலினர் என்ற சமூகவியலாளர், சிறுவனாகப் போலந்தில் ஒரு விவசாயப் பெண்ணால் காப்பாற்றப்பட்டவர். பின்னாளில், யூதர்களைக் காப்பாற்றிய நூற்றுக்கணக்கானோரிடம் பேட்டிகளைத் திரட்டினார். பலர் தாமாகத் தேடிப்போகவில்லை. யாரோ வந்து கேட்டார்கள், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மேயரிடமும்தானே கேட்டார்கள் என்று மடக்குவீர்கள், தெரியும். அதற்கும் ஒலினரிடம் பாதிப் பதில் இருக்கிறது. காப்பாற்றியவர்களில் பலர், அடியைவிட எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதை நம்பிய பெற்றோரிடம் வளர்ந்தவர்கள்.

வகுப்பில் நீங்கள் பிரம்பு வைத்திருந்தீர்களா ஐயா? உங்கள் பழைய மாணவர் இருவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஞாயிறன்று பேசியவன்