தெர்த்துல்லியனும் கிரேக்கத் தத்துவமும்

ஆசிரியருக்கு,

ஆதித் திருச்சபை கிரேக்கத் தத்துவத்தை அடியோடு ஒதுக்கியது என்போர் ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனின் ஒரே வரியைத்தான் காட்டுகிறார்கள்: 'ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?' (ஏதென்ஸ் என்பது கிரேக்கத் தத்துவம், எருசலேம் என்பது கிறிஸ்தவ விசுவாசம்.) கி.பி. 200 வாக்கில் எழுதப்பட்ட அந்த வரியின் குறி வேறு. திருச்சபை கண்டித்த போதகர்களான வாலெந்தினஸ் பிளேட்டோவிடமிருந்தும் மார்சியன் ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினரிடமிருந்தும் கடன் வாங்கியே திருச்சபைக்கு எதிரான கொள்கைகளைக் கட்டினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

ஆனால் அவரே பிரக்சேயா என்ற போதகருக்கு எதிரான நூலில், கடவுள் ஆவியானாலும் அவருக்கு உடல் உண்டு என்கிறார். உடலற்றது எதுவும் இல்லை என்பது ஸ்டோயிக்குகளின் அடிப்படைப் பாடம்! ஸ்டோயிக் தத்துவவாதி செனெகாவை 'பல வேளைகளில் நம்மவர்' என்றும் எழுதியிருக்கிறார்.

அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ இறையியலாளர் ஒரிகேன் இதற்கு நேர் எதிர். உடல் என்றால் பகுக்கலாம், சிதையும். ஆகவே கடவுள் உடலற்ற, பிரிக்க முடியாத மனம் என்றார். வேதாகமம் சொல்லும் கடவுளின் கையையும் கண்ணையும் உருவகமாகவே வாசித்தார். அவர் பின்னணியில் நிற்பது பிளேட்டோ. இன்னொரு ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளரான ஜஸ்டினோ இன்னும் துணிந்து, கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த கிரேக்கத் தத்துவவாதிகள் சாக்ரடீஸையும் ஹெராக்ளிட்டஸையும் கிறிஸ்தவர்கள் என்றே அழைத்தார்.

எந்தத் தத்துவத்தை, எந்தக் கேள்விக்கு எடுத்துக்கொள்வது என்பதில்தான் அவர்கள் மோதிக்கொண்டார்கள். பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் அந்த ஒற்றை வரியோடு நின்றுவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை