சைகடெலிக் பாணியின் உயிர் எழுத்தில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசை ஆல்பங்களின் அட்டை வடிவமைப்பைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, 1960களின் சைகடெலிக் பாணியை, அதாவது கண்ணைப் பறிக்கும் வண்ணங்களும் வளைந்து நெளியும் எழுத்துகளும் கொண்ட ராக் இசைக்கால ஓவியப் பாணியை, போதை மயக்கத்தில் பிறந்த வண்ணச் சிதறல் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. அன்றைய சூழலில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் இருந்தது உண்மைதான். ஆனால் அப்பாணியை உருவாக்கியவர்கள் தொழில் நுணுக்கம் அறிந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால், அதைப் பின்பற்றி அட்டை வரைய விரும்பும் இளைஞர்கள் வண்ணத்தைக் குழைப்பதே போதும் என்று நினைத்துவிடுவார்கள்.

சான்பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் இசையரங்கிற்குக் கச்சேரிச் சுவரொட்டிகள் வரைந்த வெஸ் வில்சன், வியன்னா ஓவியர் ஆல்ஃபிரட் ரோலரின் எழுத்து வடிவங்களைப் பார்த்தே தமது எழுத்தை வளர்த்தெடுத்தார். 1966 ஜூலையில் அவர் செய்த ஒரு சுவரொட்டியில், பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்துகளே இடைவெளியின்றி நெருங்கித் தீக்கொழுந்தாக எழுகின்றன. எழுத்துதான் அங்கே படம். இன்னொரு சுவரொட்டி ஓவியரான விக்டர் மோஸ்கோசோவோ யேல் பல்கலைக்கழகத்தில் வண்ணங்களின் இயல்பை ஆராய்ந்த ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் பயின்றவர். எதிரெதிரான இரு நிறங்களை ஒரே அளவு அடர்த்தியில் அருகருகே வைத்தால் அவை சந்திக்கும் விளிம்பு அதிர்வது போலக் கண்ணுக்குத் தோன்றும் என்பதை அறிந்து, திட்டமிட்டே அவர் பயன்படுத்தினார்.

கிரேட்ஃபுல் டெட் ராக் இசைக்குழுவின் 1971ஆம் ஆண்டு ஆல்ப அட்டையில் இருக்கும் ரோஜா சூடிய எலும்புக்கூடு, பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களுக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரத்திலிருந்து வந்தது. அந்த அட்டையை உருவாக்கிய ஓவியர்கள் ஸ்டான்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும் 1966இலேயே அதை சான்பிரான்சிஸ்கோவின் அவலான் இசையரங்கச் சுவரொட்டி ஒன்றுக்கு எடுத்தாண்டிருந்தார்கள். உருவம் இரவல்; வண்ணமும் எழுத்தமைப்பும் அவர்களுடையவை.

இன்று நம் தனியிசை ஆல்பங்கள் சிலவற்றில் இப்பாணியின் சாயலைக் காண்கிறேன். வண்ணச் சுழலுக்கு நடுவே கணினியின் ஆயத்த எழுத்துருவில் தலைப்பு ஒட்டாமல் நிற்கிறது. சுழியும் கொம்பும் துணைக்காலும் கொண்ட தமிழ் எழுத்து, கையால் வரைந்தால் எந்த வடிவத்துக்குள்ளும் வளைந்து நிறையக்கூடியது. படிக்க முடியாமல் போய்விடுமே என்ற தயக்கம் பலருக்கு இருக்கலாம். செல்பேசிச் செயலிகளில் ஆல்பத்தின் பெயர் படத்துக்குக் கீழே தனியே எழுத்தில் வந்துவிடுவதால், அட்டையில் எழுத்தை நீட்டி மடக்கிப் பார்க்கும் சுதந்திரம் இன்றைய வடிவமைப்பாளருக்கு முன்பைவிட அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த ஓவியர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும்; அதில் சுவரொட்டிகளை முழு வண்ணத்தில், எழுத்தின் வளைவுகள் தெரியும் அளவுக்குப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரைகலை ஆசிரியர் ஒருவர்,
மதுரை.